கிராபிக்ஸ் டிரைவர் ப்ராசஸரின் அமைப்பைத் தொட்டுவிட்டால்: புதியவர்களுக்கான வழிகாட்டி

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் ப்ராசஸரையும் ரேடியான் கிராபிக்ஸ் கார்டையும் ஒரே கணினியில் வைத்திருந்தவர்களில் சிலர், 2022ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் தங்கள் கணினி வழக்கத்தைவிடச் சூடாவதையும் விசிறி இரைச்சல் கூடியிருப்பதையும் கவனித்தார்கள். விண்டோஸுக்கு முன்பே இயங்கி வன்பொருளின் அமைப்புகளை வைத்திருக்கும் பயாஸைத் திறந்து பார்த்தபோது, தாங்கள் கைவைக்காத ப்ராசஸர் ஓவர்கிளாக் அமைப்புகள், அதாவது ப்ராசஸரை இயல்பைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்புகள், மாறியிருந்தன. மாற்றியது கிராபிக்ஸ் கார்டுக்காக நிறுவியிருந்த அட்ரினலின் மென்பொருள் தொகுப்பு. அந்த ஏப்ரல் மாதம் ஏஎம்டி நிறுவனமே தன் மென்பொருள் சில பயனர்களின் ப்ராசஸர் அமைப்புகளை மாற்றுகிறது என்று ஒப்புக்கொண்டு, அதை ஆராய்ந்து வருவதாக அறிவித்தது. டியூனிங் பகுதியில் ஒரு புரொஃபைலை ரீசெட் செய்தாலோ இம்போர்ட் செய்தாலோ ரைசனின் ஓவர்கிளாக் அமைப்பு மாறக்கூடும் என்ற அந்தப் பிழை, பின்னர் வந்த பதிப்பில் திருத்தப்பட்டது.

அந்தக் குறிப்பிட்ட பிழை தீர்ந்துவிட்டாலும், அதற்கு இடம் கொடுத்த கட்டமைப்பு அப்படியேதான் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டுக்கான ஒரு மென்பொருளுக்கு ப்ராசஸரின் மின்வரம்புகளைத் திருத்தும் அதிகாரமும் கொடுக்கப்பட்டிருக்கும்வரை, இன்னொரு பதிப்பில் இன்னொரு வடிவில் இதே சிக்கல் தலைகாட்டலாம். ஆகவே, முதன்முதலாகக் கணினி ஒன்றைப் பொருத்தி முடித்தவர்களும், ஓவர்கிளாக்கிங்கில் இப்போதுதான் அடியெடுத்து வைப்பவர்களும் டிரைவரைப் புதுப்பிப்பதற்கு முன்பு செய்ய வேண்டியவற்றையும், அமைப்பு மாறியிருந்தால் அதைக் கண்டுபிடித்து மீட்கும் முறையையும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

எப்படி நடந்தது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

டிரைவர் என்பது விண்டோஸும் கிராபிக்ஸ் கார்டும் பேசிக்கொள்ள உதவும் சிறு மென்பொருள். ஆனால் நாம் தரவிறக்கும் கோப்பில் இருப்பது அது மட்டுமல்ல. விளையாட்டைப் பதிவு செய்யும் வசதி, திரையில் வேகத்தைக் காட்டும் வசதி, விசிறியையும் மின்னழுத்தத்தையும் திருத்தும் டியூனிங் பகுதி என்று பலவும் சேர்ந்த ஒரு பெரிய மூட்டை அது. 2021 செப்டம்பரில் வந்த 21.9.1 பதிப்பிலிருந்து, ரைசன் 5000 வரிசை ப்ராசஸரும் ரேடியான் ஆர்எக்ஸ் 6000 வரிசை கார்டும் உள்ளவர்கள் அந்த டியூனிங் பகுதியிலிருந்தே ப்ராசஸரையும் ஒரே அழுத்தில் ஓவர்கிளாக் செய்துகொள்ளலாம் என்ற வசதி சேர்ந்தது. அதற்காக, ஏஎம்டியின் தனி ஓவர்கிளாக் மென்பொருளான ரைசன் மாஸ்டரின் உட்பகுதி ஒன்று கிராபிக்ஸ் தொகுப்புக்குள் வைக்கப்பட்டது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ராசஸருக்குக் கட்டளை அனுப்பக்கூடியது இந்தப் பகுதிதான்.

டியூனிங் பகுதியில் நீங்கள் செய்யும் மாற்றங்களை ஒரு புரொஃபைலாகச் சேமிக்கலாம். கிராபிக்ஸ் கார்டின் வேகம், மின்னழுத்தம், விசிறி ஆகியவற்றுக்காகவே அந்தப் புரொஃபைலை நீங்கள் உருவாக்கியிருப்பீர்கள். ஆனால் ப்ராசஸரைத் திருத்தும் வசதியும் அதே பக்கத்துக்கு வந்துவிட்ட பிறகு, புரொஃபைலை ஏற்றும்போது ப்ராசஸருக்கான கட்டளையும் கூடவே போய்விட்டது. கார்டை மட்டும் திருத்துவதாக நினைத்து ஒருவர் பொத்தானை அழுத்த, ப்ராசஸரின் பிபிஓ அமைப்பு மாறியது. பிபிஓ எனச் சுருக்கமாகச் சொல்லப்படும் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ், ப்ராசஸருக்கு விதிக்கப்பட்டிருக்கும் மின்வரம்புகளைத் தளர்த்தி, அது கூடுதல் வேகத்தில் கூடுதல் நேரம் ஓட இடம்கொடுக்கும் வசதியாகும்.

அந்த வரம்புகள் மூன்று. மதர்போர்டின் சாக்கெட் வழியாக ப்ராசஸர் மொத்தமாக இழுக்கக்கூடிய திறனுக்கான வரம்பு பிபிடி. இது வாட்டில் சொல்லப்படும். தொடர்ந்து நீண்ட நேரம் பாயக்கூடிய மின்னோட்டத்துக்கு டிடிசி, கண நேர உச்ச மின்னோட்டத்துக்கு இடிசி; இவ்விரண்டும் ஆம்பியரில். ரைசன் 5 5600எக்ஸின் இயல்பு வரம்புகள் 76 வாட், 60 ஆம்பியர், 90 ஆம்பியர். 105 வாட் என்று அட்டைப்பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் ரைசன் 7 5800எக்ஸ் போன்றவற்றுக்கு 142 வாட், 95 ஆம்பியர், 140 ஆம்பியர். அட்டைப்பெட்டியில் உள்ள வாட் எண்ணைவிடப் பிபிடி கூடுதலாக இருப்பது இயல்பே; அதைப் பார்த்துப் பதற வேண்டாம். இந்த மூன்று எண்களையும் உங்கள் ப்ராசஸருக்குத் தெரிந்து வைத்துக்கொண்டால், பின்னால் வரும் சோதனைகள் எல்லாம் எளிதாகிவிடும்.

வரம்பு தளர்வதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். நல்ல குளிர்விப்பானும் தரமான மதர்போர்டும் உள்ள கணினியில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் 5600எக்ஸுடன் பெட்டியிலேயே வரும் சிறிய விசிறியை வைத்துக்கொண்டு, காற்றோட்டம் குறைந்த ஒடுக்கமான கேபினெட்டில் ஓட்டுபவருக்கு நிலைமை வேறு. மறுபுறம், பயாஸில் உள்ள கர்வ் ஆப்டிமைசர் வசதியைக் கொண்டு ஒவ்வொரு கோருக்கும் (ப்ராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதி) மின்னழுத்தத்தைக் குறைத்து, பொறுமையாகச் சோதித்து நிலைநிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய எண்கள் கலைந்தால் கணினி நிலைகுலையலாம், அல்லது உழைத்துப் பெற்ற பலன் சத்தமில்லாமல் காணாமல் போகலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஓவர்கிளாக்கிங்கால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்பது ஏஎம்டியின் நிலைப்பாடு. அந்த ஓவர்கிளாக்கிங்கை ஏஎம்டியின் மென்பொருளைக் கொண்டே செய்திருந்தாலும் அது மாறாது. பயாஸில் அந்தப் பக்கத்தை முதன்முதலில் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை வந்து, ஏற்கிறீர்களா என்று கேட்பது அதனால்தான். அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே ஒரு மென்பொருள் வரம்பைத் தளர்த்துவதைச் சிறு பிழையாக என்னால் கருத முடியவில்லை.

உங்கள் கணினிக்கு இது பொருந்துமா?

ப்ராசஸர் ரைசன், தனியாகப் பொருத்திய கார்டு ரேடியான் என்றால் பொருந்தும். இன்டெல் ப்ராசஸருடன் ரேடியான் கார்டு, அல்லது ரைசனுடன் என்விடியா கார்டு என்றால் மேலே சொன்ன 2022ஆம் ஆண்டுப் பிழை உங்களைத் தொட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் மதர்போர்டு நிறுவனங்கள் தரும் ஓவர்கிளாக் மென்பொருள்களும், இன்டெலின் எக்ஸ்ட்ரீம் டியூனிங் யுட்டிலிட்டியும் இதேபோல விண்டோஸிலிருந்தே ப்ராசஸரைத் திருத்தக்கூடியவைதான். ஆகையால் கீழே வரும் குறித்துவைத்தல், அளந்துபார்த்தல் ஆகிய இரண்டும் எல்லாருக்கும் பயன்படும்.

அட்ரினலின் பதிப்பு எண்ணைப் படிப்பதும் எளிது. 22.3.1 என்றால் 2022ஆம் ஆண்டு, மூன்றாம் மாதம், அம்மாதத்தின் முதல் வெளியீடு என்று பொருள். மென்பொருளைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள பற்சக்கரக் குறியை அழுத்தி, சிஸ்டம் பகுதிக்குப் போனால் உங்கள் பதிப்பைக் காணலாம். 2022ஆம் ஆண்டின் முற்பகுதிப் பதிப்பு ஏதாவது இன்னும் உங்கள் கணினியில் இருந்தால், அதை மாற்றிவிடுவதே முதல் வேலை.

எதையும் தொடுவதற்கு முன்பு பயாஸைக் குறித்துவையுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தவிர்க்கிறார்கள். பிறகு, மாறியிருக்கிறது என்று மனம் சொன்னாலும் எதிலிருந்து மாறியது என்று காட்ட அவர்களிடம் ஒன்றும் இருப்பதில்லை. கணினியை ரீஸ்டார்ட் செய்து, திரையில் நிறுவன முத்திரை தோன்றும்போது டிலீட் விசையையோ எஃப்2 விசையையோ தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். பல மதர்போர்டுகளில் எஃப்12 விசை பயாஸ் திரையைப் படமாகச் சேமிக்கும். அதற்கு ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ் ஒன்றை முன்கூட்டியே செருகியிருக்க வேண்டும். அது இயலாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் போதும்.

எந்தப் பக்கங்களைப் படமெடுப்பது என்பதில் கவனம் தேவை. பிபிஓ பல மதர்போர்டுகளில் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று, மதர்போர்டு நிறுவனத்தின் சொந்த ஓவர்கிளாக் பக்கத்தில். மற்றொன்று, அட்வான்ஸ்டு பகுதிக்குள் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் என்ற பெயரில், எச்சரிக்கையை ஏற்ற பிறகே திறக்கும் பக்கத்தில். இரண்டையும் படமெடுங்கள், ஒன்றில் ஆட்டோ என்றும் மற்றொன்றில் அட்வான்ஸ்டு என்றும் இருந்தால் அந்த வேறுபாட்டையும் அப்படியே பதிவு செய்யுங்கள். அட்வான்ஸ்டு என்றிருந்தால் அதற்குள் நுழைந்து, பிபிடி, டிடிசி, இடிசி எண்கள், கர்வ் ஆப்டிமைசரில் ஒவ்வொரு கோரின் எண், அது கழித்தலா கூட்டலா என்ற குறி, கூடுதல் மெகாஹெர்ட்ஸ் எவ்வளவு, வெப்ப வரம்பு எவ்வளவு என்று எதையும் விடாமல் எடுக்க வேண்டும். கர்வ் ஆப்டிமைசரின் ஓர் அலகு என்பது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை. எனவே மைனஸ் 15 என்பதும் மைனஸ் 20 என்பதும் ஒன்றல்ல; நினைவிலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

பிபிஓவே வேண்டாம் என்பவர்களும் இந்தப் பக்கங்களைப் படமெடுப்பது நல்லது. அவர்களுக்கு ஒரு கூடுதல் பரிந்துரை: ஆட்டோ என்பதை அப்படியே விடாமல் டிஸேபிள்ட் என்று மாற்றிச் சேமியுங்கள். ஆட்டோ என்பதற்கு என்ன பொருள் என்பதை மதர்போர்டு நிறுவனம் தீர்மானிக்கிறது. டிஸேபிள்ட் என்பதற்கு ஒரே பொருள்தான். பின்னால் அது வேறாக இருந்தால், யாரோ தொட்டிருக்கிறார்கள் என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும்.

கடைசியாக, பயாஸிலேயே புரொஃபைல் சேமிக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். முடிந்தால் பென் டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள். ஆனால் அதை மட்டுமே நம்ப வேண்டாம். பயாஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினால், சேமித்த பழைய புரொஃபைல்கள் பெரும்பாலும் அழிந்துவிடும் அல்லது ஏற்கப்படாது. படங்கள் அப்படி அழிவதில்லை. மெமரி வேகத்துக்கான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பு, விசிறி வேக அமைப்பு, எந்த டிஸ்கிலிருந்து முதலில் துவங்க வேண்டும் என்ற வரிசை ஆகியவற்றையும் படமெடுத்து வைத்தால், ஒருநாள் பயாஸை முழுவதுமாக ரீசெட் செய்ய நேர்ந்தாலும் தடுமாற வேண்டியிருக்காது.

விண்டோஸுக்குள் ஓர் அளவீடு எடுங்கள்

பயாஸ் திரை என்ன சொல்கிறது என்பது ஒரு பாதி. ப்ராசஸர் உண்மையில் எந்த வரம்புக்குள் ஓடுகிறது என்பது மறுபாதி. இதற்கு ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதைச் சென்சார்கள் மட்டும் என்ற தேர்வுடன் திறந்தால், ப்ராசஸருக்கான பகுதியில் பிபிடி எத்தனை வாட் என்ற வரியும், பிபிடி வரம்பில் எத்தனை விழுக்காடு பயன்படுகிறது என்ற வரியும் கிடைக்கும். வரம்பு எவ்வளவு என்று நேரடியாகத் தெரியாவிட்டாலும் ஒரு சிறு கணக்கில் அது வந்துவிடும். ப்ராசஸர் வேலை செய்துகொண்டிருக்கும்போது பிபிடி 57 வாட், வரம்பில் 75 விழுக்காடு என்று காட்டினால், 57ஐ 0.75ஆல் வகுக்க 76 வருகிறது. 5600எக்ஸுக்கு அது இயல்பு வரம்பு. அதே 57 வாட்டுக்கு 40 விழுக்காடு என்று காட்டினால் வரம்பு 142 வாட்டுக்கு மேல் ஏறியிருக்கிறது என்று பொருள்; 5600எக்ஸில் அப்படி ஒரு வரம்பு தானாக வராது.

ஒரு முழுச் சுமை அளவீடும் தேவை. ப்ராசஸரின் வேகத்தைச் சோதிக்கும் மென்பொருளான சினிபெஞ்ச் ஆர்23 இயல்பாகவே 10 நிமிடம் ஓடும். மல்ட்டி கோர் சோதனையை ஓடவிட்டு, அது முடியும் தறுவாயில் பிபிடி வாட், வெப்பநிலை, எல்லாக் கோர்களும் ஓடும் வேகம், இறுதி மதிப்பெண் ஆகிய நான்கையும் ஒரு கோப்பில் தேதியுடன் எழுதுங்கள். டிரைவர் பதிப்பையும் பயாஸ் பதிப்பையும் அதே வரியில் சேருங்கள். இந்த ஒரு வரிதான் பின்னாளில் உங்கள் சான்று. அறையின் வெப்பம் கோடையிலும் மழைக்காலத்திலும் வேறுபடும் என்பதால் வெப்பநிலையில் சில டிகிரி மாற்றத்தைப் பொருட்படுத்த வேண்டாம். வாட் எண்ணைப் பாருங்கள். வரம்பு மாறினால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

ரைசன் மாஸ்டரைத் திறந்தும் இவ்வரம்புகளைப் பார்க்கலாம். ஆனால் அது பார்ப்பதற்கு மட்டுமான மென்பொருள் அல்ல, மாற்றுவதற்கானதும் கூட. அப்ளை பொத்தான் அங்கேயே இருக்கிறது. புதியவர்கள் பார்ப்பதற்கு மட்டுமே ஆன கருவியைக் கொண்டு பார்ப்பது பாதுகாப்பு.

டிரைவரை நிறுவும்போது

அட்ரினலின் நிறுவியைத் திறந்ததும், முழு நிறுவல், குறைந்த நிறுவல், டிரைவர் மட்டும் என்று மூன்று தேர்வுகளைக் காண்பீர்கள். கூடுதல் விருப்பங்கள் என்ற பகுதியைத் திறந்தால்தான் இவை தெரியும் என்பதால் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. முழு நிறுவலில் டியூனிங் உள்ளிட்ட எல்லாமும் வரும். டிரைவர் மட்டும் என்பதில் கட்டுப்பாட்டுப் பலகையே வராது. விளையாட்டும் அலுவலக வேலையும் மட்டுமே உங்கள் தேவை, விசிறி வேகத்தையோ மின்னழுத்தத்தையோ திருத்தும் எண்ணம் இல்லை என்றால், டிரைவர் மட்டும் என்பதையே தேர்ந்தெடுங்கள். எதை நிறுவவில்லையோ அது எதையும் மாற்றப்போவதில்லை. 2022இல் இச்சிக்கல் வெளியானபோது, ரேடியான் சாஃப்ட்வேர் ஸ்லிம்மர் என்ற வெளியார் கருவியைக் கொண்டு ரைசன் மாஸ்டர் பகுதியை மட்டும் அகற்றியவர்கள் உண்டு. அது அன்றைய அவசரத்துக்குப் பயன்பட்டது. இன்று புதிதாக வருபவருக்கு நிறுவியிலேயே உள்ள தேர்வு போதுமானது.

வெளியீடுகளிலும் பரிந்துரைக்கப்பட்டது, விருப்பத்துக்குரியது என்று இருவகை உண்டு. புதிய விளையாட்டு ஒன்றுக்கு விருப்பப் பதிப்பு கட்டாயம் தேவைப்பட்டாலன்றி, பரிந்துரைக்கப்பட்ட பதிப்பிலேயே இருங்கள். நிறுவுவதற்கு முன்பு, அதனுடன் வரும் வெளியீட்டுக் குறிப்பில் அறியப்பட்ட பிழைகள் என்ற பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

டியூனிங் பகுதி தேவை என்பவர்களுக்கு

கார்டின் மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்டுவது நல்ல பழக்கம்தான். அதற்கு அந்தப் பலகை வேண்டும். அப்படியானால் முழு நிறுவலைச் செய்துவிட்டு, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டியூனிங் பக்கத்தைத் திறக்கும்போது, அங்கே கார்டுக்கான தேர்வுகளுடன் ப்ராசஸருக்கான தேர்வும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தொட வேண்டாம். பழைய பதிப்பில் சேமித்த புரொஃபைல் கோப்பை இம்போர்ட் செய்யாமல், எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு புதிய பதிப்பில் கையால் மறுபடி உள்ளிடுங்கள்; பத்து எண்களுக்குள்தான் இருக்கும். பிறர் பகிர்ந்த புரொஃபைல் கோப்புகளை ஏற்றுவதை முற்றாகத் தவிருங்கள். வேறொருவரின் கணினிக்காக எழுதப்பட்ட கட்டளைகள் அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாது.

புரொஃபைலைச் சேமித்து ரீஸ்டார்ட் செய்தவுடன், நேராக விண்டோஸுக்குப் போகாமல் பயாஸுக்குள் நுழைந்து, பிபிஓ உள்ள இரு பக்கங்களையும் நீங்கள் எடுத்துவைத்த படங்களோடு ஒப்பிடுங்கள். பிறகு விண்டோஸில் அந்த வகுத்தல் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு டிரைவர் மாற்றத்துக்குப் பிறகும் இந்தச் சோதனையைச் செய்வது வீண்வேலை அல்ல.

இதில் நான் உறுதியாகப் பரிந்துரைப்பது ஒன்றுண்டு. ப்ராசஸரின் ஓவர்கிளாக்கை பயாஸில் மட்டும் செய்யுங்கள். கார்டினுடையதை டிரைவரின் பலகையில் மட்டும் செய்யுங்கள். ஒரே அமைப்பை இரண்டு கைகள் மாற்றினால், எந்தக் கை எப்போது மாற்றியது என்று கண்டுபிடிப்பது அனுபவமுள்ளவர்களுக்கே கடினம்.

ஏற்கெனவே மாறிவிட்டிருந்தால்

அறிகுறிகள் சில: சும்மா இருக்கும் கணினியில் விசிறி அடிக்கடி ஏறி இறங்குவது, விளையாட்டின்போது ப்ராசஸரின் வெப்பம் முன்பைவிட வெகுவாகக் கூடுவது, காரணமின்றி ரீஸ்டார்ட் ஆவது, பயாஸில் நீங்கள் ஏற்காத ஓவர்கிளாக் பக்கம் ஏற்கப்பட்டதாகக் கிடப்பது. தானாக ரீஸ்டார்ட் ஆகியிருந்தால் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பகுதியில் கெர்னல் பவர் 41 என்ற பதிவைத் தேடுங்கள். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும். அதற்கு அருகே வியா லாகர் 18 என்ற பதிவும் இருந்தால், ப்ராசஸர் தரப்பில் வன்பொருள் பிழை பதிவாகியிருக்கிறது. இவை டிரைவர்தான் காரணம் என்று நிறுவுவதில்லை. மின்சப்ளை, மெமரி, நீங்களே இட்ட கர்வ் ஆப்டிமைசர் எண் ஆகியவையும் இதே பதிவை உண்டாக்கலாம். ஆகவே பயாஸ் படங்களுடன் ஒப்பிடாமல் முடிவுக்கு வராதீர்கள்.

மாறியிருப்பது உறுதியானால், மீட்கும் வேலையில் வரிசை முக்கியம். பலரும் முதலில் பயாஸுக்கு ஓடிச் சரிசெய்கிறார்கள். அடுத்த முறை புரொஃபைல் ஏறும்போது அது மறுபடி மாறிவிடுகிறது. மாற்றுகிறவனை முதலில் நிறுத்த வேண்டும். எனவே விண்டோஸில் டியூனிங் பக்கத்துக்குப் போய், சேமித்த புரொஃபைல்களை நீக்கிவிட்டு, பக்கத்தை இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்த ரீசெட்டே பழைய பதிப்பில் சிக்கலைத் தூண்டக்கூடியது என்றாலும் கவலை வேண்டாம். பயாஸை இதற்குப் பிறகுதான் தொடப்போகிறோம்.

பிறகு பழைய டிரைவரை முழுவதுமாக அகற்றுங்கள். ஏஎம்டியே தரும் கிளீனப் யுட்டிலிட்டி, அல்லது பலரும் நம்பிப் பயன்படுத்தும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் இதற்கு ஏற்றது. இரண்டையும் சேஃப் மோடில், அதாவது அடிப்படை டிரைவர்களை மட்டும் கொண்டு விண்டோஸ் துவங்கும் நிலையில், ஓட்டுவதே முறை. அதற்கு முன் மூன்று முன்னேற்பாடுகள் வேண்டும். சேஃப் மோடில் உங்கள் பின் எண் வேலை செய்யாமல் போகலாம் என்பதால் கணக்கின் முழுக் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். புதிய டிரைவர் கோப்பை முன்பே தரவிறக்கி வைத்திருக்க வேண்டும். இணைய இணைப்பைத் துண்டித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் பழையதை அகற்றிய மறுகணமே விண்டோஸ் அப்டேட் தனக்குத் தெரிந்த ஒரு டிரைவரைக் கொண்டுவந்து நிறுவிவிடும். அகற்றி முடித்து வழக்கமான விண்டோஸுக்குத் திரும்பியதும், மேலே சொன்னபடி டிரைவர் மட்டும் என்ற தேர்வில் புதியதை நிறுவுங்கள்.

இப்போது பயாஸ். உள்ளே நுழைந்து, பிபிஓ உள்ள இரண்டு பக்கங்களிலும் எண்களைப் பழைய படங்களில் உள்ளபடி மாற்றுங்கள். பழைய படங்களே இல்லையென்றால், லோட் ஆப்டிமைஸ்டு டீஃபால்ட்ஸ் என்ற தேர்வு எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோகும். அதன்பின் மெமரிக்கான எக்ஸ்எம்பியை மீண்டும் இயக்கி, பிபிஓவை டிஸேபிள்ட் என்று வைத்துச் சேமியுங்கள். பிபிஓ வரம்பில் மதர்போர்டு என்ற தேர்வு தெரிந்தால் அதைத் தவிருங்கள். மதர்போர்டு தாங்கக்கூடிய அளவையே ப்ராசஸரின் வரம்பாக அது எடுத்துக்கொள்ளும். அது பல நூறு வாட்டாகவும் இருக்கலாம்.

சேமித்தும் எண்கள் பிடிவாதமாகத் திரும்பிவந்தால், பயாஸ் அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் நினைவகமான சிமாஸை அழிக்க வேண்டியிருக்கும். கணினியை அணைத்து, மின்சப்ளையின் பின்பக்கச் சுவிட்சையும் அணைத்து, கையேட்டில் காட்டியுள்ள இரு ஊசிகளை இணைக்க வேண்டும். அல்லது சிஆர்2032 என்ற வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைக்க வேண்டும். இதைச் செய்வதற்கு முன் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உங்கள் விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ இயங்கிக்கொண்டிருந்தால், பயாஸ் அழிந்த பிறகு அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாவி கிடைக்காவிட்டால் டிஸ்கில் உள்ள கோப்புகள் திரும்பக் கிடைக்காது. ஒரு ப்ராசஸர் அமைப்பைச் சரிசெய்யப் போய்க் குடும்பப் படங்களை இழக்கும் நிலைக்கு யாரும் வரக்கூடாது.

மீட்ட பிறகு சோதித்தல்

சினிபெஞ்சை மறுபடி 10 நிமிடம் ஓட்டி, பழைய வரியோடு ஒப்பிடுங்கள். வாட் எண் இயல்பு வரம்பில் வந்து நின்றால் வரம்புகள் மீண்டுவிட்டன. கர்வ் ஆப்டிமைசர் பயன்படுத்துபவர்களுக்கு இது போதாது. மின்னழுத்தம் குறைவாக உள்ள கோர் முழுச் சுமையில் தாக்குப்பிடித்துவிட்டு, ஒரேயொரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவும் இலேசான வேலைகளில்தான் பெரும்பாலும் சறுக்கும். வலைப்பக்கங்களைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்போதோ, ஒன்றுமே செய்யாமல் இருக்கும்போதோ கணினி அணைந்து எழுவது அதன் அடையாளம். எனவே சில நாட்கள் வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டே ஈவன்ட் வியூவரில் வியா பதிவு புதிதாக வருகிறதா என்று பார்த்துவாருங்கள். வந்தால் சிக்கலுள்ள கோரின் எண்ணைச் சற்றுக் குறைத்து, உதாரணமாக மைனஸ் 20ஐ மைனஸ் 15 ஆக்கி, மறுபடி பாருங்கள்.

ரைசன் 7 5800எக்ஸ்3டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2022 ஏப்ரலில் வெளியான அந்த ப்ராசஸருக்கு ஏஎம்டி வழக்கமான ஓவர்கிளாக்கிங்கை அனுமதிக்கவில்லை. அதை வேறொரு ரைசனுக்குப் பதிலாகப் பொருத்தியிருந்தால், பழைய ப்ராசஸருக்காகச் சேமித்த பயாஸ் புரொஃபைலையும் டியூனிங் புரொஃபைலையும் அதில் ஏற்றாதீர்கள். ப்ராசஸரை மாற்றும்போதெல்லாம் குறிப்புகளைப் புதிதாகத் தொடங்குவதே சரி.

எல்லாம் செய்தும், புதிய பதிப்பிலும் பயாஸ் எண்கள் தாமாக மாறுகின்றன என்றால் அதை ஏஎம்டிக்குத் தெரிவியுங்கள். முழு நிறுவலுடன் பிழை அறிக்கைக் கருவி ஒன்றும் வருகிறது. சூடாகிறது, சரியில்லை என்று பொதுவாக எழுதினால் அதைக் கொண்டு அவர்களால் எதுவும் செய்ய இயலாது. ப்ராசஸர், கார்டு, மதர்போர்டு ஆகியவற்றின் முழுப் பெயர், பயாஸ் பதிப்பு, டிரைவர் பதிப்பு, எந்தப் பொத்தானை அழுத்திய பின் மாறியது, மாறுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த பயாஸ் படங்களில் உள்ள எண்கள், ரீஸ்டார்ட் செய்த பிறகு மாறியதா அதற்கு முன்பே மாறியதா என்பவற்றை வரிசையாக எழுதுங்கள். அதே செயலைத் திரும்பச் செய்தால் அதே மாற்றம் திரும்ப நிகழ்கிறதா என்பதையும் ஒருமுறை சோதித்து, கிடைத்த முடிவை அறிக்கையின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.